கத்தியதும் உடைத்ததும்

அன்புள்ள ஐயா,

கலிஃபோர்னியாவில் அப்பார்ட்மென்ட் ஒன்றில் இருக்கிறோம். பார்க்கிங் இடம் தொடர்பாகப் பக்கத்து வீட்டுக்காரரோடு பழைய தகராறு உண்டு. போன மாதம் ‘உங்கள் நாட்டுக்கே போங்கள்’ என்று கத்தினார். போலீஸ் குறித்துக்கொண்டதோடு சரி. பத்து நாள் கழித்து, மறுபடி ஏதோ கத்திக்கொண்டே கார்க் கண்ணாடியை உடைத்தார். பால்கனியிலிருந்து அம்மா பார்த்தார். ரிப்போர்ட்டில் வெறும் சொத்துச் சேதம் என்றிருக்கிறது. இது வெறுப்புக் குற்றம் ஆகாதா? அம்மாவுக்கு விசா நீட்டிப்பு இன்னும் வரவில்லை. சாட்சி சொல்ல வைக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் நாள் நடந்தது அங்கே குற்றமே அல்ல. வெறும் பேச்சுக்குத் தண்டனை கிடையாது. குறிப்பிட்ட ஆளையோ கூட்டத்தையோ தாக்குவேன் என்று மிரட்டி, அதைச் செய்யக்கூடியவராகவும் தெரிந்தால்தான் கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 422.6-ஆம் பிரிவு பேச்சைத் தொடும்.

கண்ணாடி உடைத்தது வேறு. அது எப்படியும் குற்றம். இனம், மதம், தேசம், பாலினம், மாற்றுத்திறன், பாலியல் ஈர்ப்பு போன்றவற்றில் ஒன்றுக்காக அதைச் செய்திருந்தால் 422.55-இன்படி வெறுப்புக் குற்றம். பிறந்த நாடும் குடியேற்ற நிலையும் ‘தேசம்’ என்பதில் அடங்கும். உங்களை யாரென்று அவர் தவறாக நினைத்திருந்தாலும் தப்பிக்க முடியாது. செய்தவர் மனதில் நினைத்ததே போதும். 2001 செப்டம்பருக்குப் பிறகு தலைப்பாகையைப் பார்த்து முஸ்லிம் என்று எண்ணிச் சீக்கியர்களைத் தாக்கினார்களே, அந்த மாதிரி வழக்குக்கு இந்த ஒரு விதிதான் உயிர்.

‘பார்க்கிங் சண்டை, வேறொன்றுமில்லை’ என்றுதான் அவருடைய வக்கீல் ஆரம்பிப்பார். பயப்பட வேண்டாம். வெறுப்பு ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பல காரணங்களில் அதுவும் கணிசமான பங்கு வகித்திருந்தால் போதும் என்கிறது 422.56. குற்றமில்லை என்று ஒதுக்கிய அந்த முதல் நாள் கத்தல் இங்கேதான் உதவும். பேச்சைத் தண்டிக்கக் கூடாதே தவிர, நோக்கத்தைக் காட்டும் சாட்சியாக வைக்கலாம் என்று 1993-இல் விஸ்கான்சின் வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. எனவே முதல் ரிப்போர்ட்டின் எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள். கூடுதல் வாக்குமூலம் கொடுத்து இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள்.

வாக்குமூலத்தில் நம்மவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. ‘கெட்ட வார்த்தையில் திட்டினார்’ என்று நாகரிகமாக முடித்துவிடுவார்கள். நோக்கத்துக்கான சாட்சி அதோடு போய்விட்டது. வாய் கூசினாலும் அவர் சொன்ன சொல்லை அப்படியே, எழுத்துப் பிசகாமல் எழுத வையுங்கள். உடைக்கும் முன்னா, உடைக்கும்போதா, பிறகா என்பதும் இருக்கட்டும்.

அடுத்தது பில். சேதம் 400 டாலரைத் தொட்டால் ஃபெலனியாக, அதாவது கடுங்குற்றமாகப் பதிய வழியுண்டு. ஃபெலனியாகி, வெறுப்பு நோக்கமும் நிரூபணமானால், 422.75-இன்படி 1, 2 அல்லது 3 ஆண்டு கூடுதல். 400-க்குக் கீழே என்றால் பேச்சு பெரும்பாலும் ஓராண்டு வரையான கவுன்ட்டி சிறையோடு நிற்கும். கண்ணாடி விலையை மட்டும் காட்டாமல், மாட்டும் கூலியோடும் கீறல் விழுந்த பெயின்ட்டோடும் எஸ்டிமேட் வாங்குங்கள்.

இந்தக் கூடுதல் தண்டனையை நீதிபதி தானாகக் கூட்டிவிட முடியாது. நியூ ஜெர்சியில் பத்து ஆண்டுக்கு மேல் போக முடியாத குற்றத்துக்கு, இனவெறி நோக்கம் என்று நீதிபதியே முடிவுசெய்து பன்னிரண்டு கொடுத்தார். 2000-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நோக்கத்தையும் ஐயத்துக்கிடமின்றி ஜூரி முன் நிரூபிக்க வேண்டும். சாட்சி பலவீனமாக இருந்தால், அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி இந்தப் பிரிவைத் தொடத் தயங்குவது இதனால்தான்.

ஆகவே அம்மா முக்கியம். அவருக்கு ஆங்கிலம் வராது என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். ‘கோ பேக்’ (திரும்பிப் போ) என்பதில் ‘பேக்’ மட்டும் காதில் விழுந்திருந்தால் அதையே சொல்லட்டும். மீதியை நீங்கள் எடுத்துக்கொடுத்தால் குறுக்கு விசாரணையில் உதிர்ந்துவிடும். அவர்மேல் மாநிலக் குற்றச்சாட்டு எதுவும் இல்லாதபோது, வெறுப்புக் குற்றத்தின் சாட்சியை விசா காரணத்துக்காக மட்டும் அங்குள்ள போலீஸ் பிடித்துவைக்கவோ குடியேற்றத் துறையிடம் ஒப்படைக்கவோ கூடாது என்று 422.93 தடுக்கிறது. மத்திய அதிகாரிகளை இது கட்டுப்படுத்தாது. அதனால் முதலில் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

அம்மா ஊர் திரும்பும் தேதி முடிவானதும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வழக்குப் பதிவான பிறகு, மாநிலத்தை விட்டுக் கிளம்பும் முக்கிய சாட்சியை முன்கூட்டியே விசாரித்துப் பதிவுசெய்ய 1335, 1336 பிரிவுகள் இடம் தருகின்றன. எதிர்த்தரப்பு வக்கீலும் அங்கேயே குறுக்கு விசாரணை செய்துவிடுவார். அம்மா மறுபடி விமானம் ஏற வேண்டியிருக்காது.