'வார்' ஆல்பம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: யு2 ராக் குழுவின் 'வார்' கேட்டால் தெம்பு பிறக்கிறது என்கிறான் என் மகன். பெயரே 'போர்' ஆயிற்றே!
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: மகன் கட்சிதான் நானும். 1983இல் வந்த போஸ்ட் பங்க் (பங்க் ராக்கிலிருந்து கிளைத்த ராக் வகை) பாடல்கள். டப்ளின் ஸ்டுடியோவில் மாடிப்படிப் பகுதியில் வைத்து டிரம்ஸைப் பதிந்தார்கள். முதல் பாட்டின் கொட்டு, படை நடப்பதுபோல வரும். பாடுவதோ ரத்தம் சிந்தியது போதும் என்று. காட்பாடியில் என் வீட்டு அலமாரித் தம்ளர்கள் கூடவே அதிரும். நடுவில் ஓரிரண்டு பாட்டு சுமார்தான்.

கடைசிப் பாட்டின் பெயர் வெறும் '40'. வேதாகமத்தின் 40ஆம் சங்கீதத்தைத் தழுவியது: சேற்றிலிருந்து தூக்கிக் கன்மலைமேல் நிறுத்துவது. ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுப் பாட்டி சன்னலோரம் நின்று கேட்டார். "நம் சங்கீதமா தம்பி? இன்னொரு தடவை வையேன்."