கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் வந்த பூச்சிமருந்து: லிட்டருக்கு எத்தனை மில்லி?

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் 20 தொட்டிகளில் செம்பருத்தி, கத்தரி, வெண்டை வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாகச் செம்பருத்தி நுனியெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. இப்போது கத்தரிக்கும் வந்துவிட்டது. பொன்னேரிப் பக்கம் நெல் போடும் என் அண்ணன், வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்து, லிட்டருக்கு 2 மில்லி போடச் சொன்னார். வீட்டில் 4 வயதுப் பேத்தி இருக்கிறாள். அடிக்கலாமா? அளவு சரிதானா?

பதில்: ஒரு மில்லிகூட வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த பாட்டில் இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குளியலறை அலமாரியிலோ மாடிப்படி மூலையிலோ இருந்தால் உடனே எடுங்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு அது கூல்டிரிங்க்ஸ்தான். மூடியை இறுக்கி, பழைய பெயின்ட் டப்பாவுக்குள் நிமிர்த்தி வைத்து, மேலே ‘விஷம்’ என்று பெரிதாக எழுதிப் பூட்டி வையுங்கள். இன்றே அண்ணனுக்குப் போன் போட்டு, எந்த டப்பாவிலிருந்து ஊற்றினார், அதில் என்ன பெயர், எத்தனை சதவீதம் என்று கேட்டு அதையும் எழுதி ஒட்டுங்கள். அவர் அடுத்த முறை வரும்போது கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கழிப்பறையிலோ வாசல் வடிகாலிலோ கொட்டிவிடலாம் என்று தோன்றும். கொட்டாதீர்கள். நம் பக்கத்து வடிகால் தண்ணீர் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் வரை போகிறது. வயலுக்கு அடிக்கும் மருந்துகளில் பைரித்ராய்டு என்றொரு வகை உண்டு; அது இறாலுக்கும் மீனுக்கும் துளி அளவிலேயே எமன்.

தப்பித்தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புக்கரைசல், மோர் என்று எதையும் ஊற்றவும் கூடாது. 108-ஐ அழையுங்கள். ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். பாட்டிலையும் கையில் எடுத்துப் போங்கள். உள்ளே போனது எந்த மருந்து என்று தெரிந்தால் டாக்டருக்குச் சரியான சிகிச்சையை முடிவு செய்வது எளிது.

சரி, அளவுக்கு வருகிறேன். அண்ணன் சொன்ன 2 மில்லி ஏதோ ஒரு மருந்துக்குச் சரியாகவே இருக்கலாம். ஆனால் இமிடாகுளோபிரிட் 17.8 சதவீத மருந்துக்கு லிட்டருக்கு 0.3 மில்லி என்பதே வழக்கமான சிபாரிசு. பாட்டிலில் இருப்பது அதுவானால் 2 மில்லி என்பது ஆறேழு மடங்கு. மோனோகுரோட்டோபாஸ் என்ற கொடிய மருந்தாக இருந்தால் பேச்சே வேண்டாம். காய்கறிக்கு அது பல ஆண்டுகளுக்கு முன்பே தடை செய்யப்பட்டது. 2023-இல் மத்திய அரசு அதன் 36 சதவீத மருந்தையே நிறுத்த ஆணையிட்டது. டைக்குளோர்வாஸ் என்ற இன்னொரு மருந்தும் 2020 முடிவோடு தடையாகிவிட்டது. இருந்தாலும் பம்புசெட் கொட்டகைகளில் பழைய சரக்கு கிடப்பது உண்டு. இன்னொன்று, நெல்லுக்கு அடித்தவர் அறுவடை வரை காத்திருப்பார். நீங்கள் மூன்று நாளைக்கு ஒருமுறை கத்தரிக்காய் பறித்துக் குழம்பு வைப்பவர்.

உங்கள் செடியில் இருப்பது மாவுப்பூச்சி. நாளைக் காலையில் கைபேசி கேமராவைப் பெரிதாக்கி, ஒரே ஒரு செம்பருத்தி நுனியை ஐந்து நிமிஷம் பாருங்கள். மாவுப்பூச்சி அநேகமாக அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதன் நடுவே அதைவிடப் பெரிதாக, உடம்பெல்லாம் நீள நீளமான வெள்ளை மெழுகு இழைகளோடு ஒரு புழு இருந்து, குச்சியால் தொட்டதும் விறுவிறுவென்று நகர்ந்தால், அதை விட்டுவிடுங்கள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சி வேஷம் போட்டுக்கொண்டு மாவுப்பூச்சியையே தின்பது. வளர்ந்த வண்டு மிளகைவிடச் சற்றுச் சின்னது. கறுப்பு முதுகு, செம்பழுப்புத் தலை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கிளை முழுக்க இருந்த இந்தப் புழுக்களைப் பழைய டூத்பிரஷால் தேய்த்துத் தள்ளிவிட்டுப் பெருமையாக மேலதிகாரியிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் லென்ஸை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அப்புறம், பழுப்பு நிறத்தில் உப்பி, தோல்போல் இறுகிக் கிடக்கும் மாவுப்பூச்சிகள் கண்ணில் படுகின்றனவா? அவற்றில் ஊசிமுனை அளவு துளை இருந்தால், உள்ளே வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவி வெளியே போய்விட்டது என்று அர்த்தம். இந்தக் குளவிகளைச் சின்னதாக நினைக்காதீர்கள். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாட்டுத் தோட்டங்களைச் சூறையாடியது. விவசாயிகள் மருந்து மாற்றி மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். சில மாதங்களிலேயே பூச்சி அடங்கியது. வீரியமான மருந்தை மாடியில் அடித்தால் முதலில் சாவது இந்த மாதிரிக் குளவியும் வண்டும்தான். மெழுகுக்குள் முட்டையாக இருக்கும் மாவுப்பூச்சி பத்து நாளில் திரும்பி வரும், காவல் இல்லாத வீட்டுக்கு வருவதுபோல.

அந்த நுனியில் எறும்பு ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் பாதி விஷயம் அங்கேயே இருக்கிறது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புப் பிசினுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். வண்டையும் குளவியையும் கிட்டே விடாது. எறும்பு ஏறும் வழியை முதலில் அடைத்துவிடுங்கள். தொட்டி ஸ்டாண்டின் கால்களில் இரண்டு விரல் அகலத்துக்கு கிரீஸோ வாசலினோ தடவுங்கள். சுவரையோ கொடிக் கயிற்றையோ தொடும் கிளையை வெட்டுங்கள், இல்லாவிட்டால் அதுவே பாலம். ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழைய வைத்தியம் வேண்டாம். டெங்கு கொசுவுக்கு அதுவே போதும். கொசு ஒழிப்புக்கு வரும் மாநகராட்சிப் பணியாளரிடம் திட்டும் வாங்குவீர்கள்.

பிறகு கத்தரிக்கோல். பஞ்சு அடர்ந்த நுனிகளைக் கூசாமல் வெட்டி, பாலிதீன் பையில் போட்டு இறுக்கக் கட்டுங்கள். மாடி மூலையில் குவித்து வைத்தால் பூச்சி நடந்தே திரும்பி வரும். மிச்சத்தை ஹோஸ் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, இலையின் அடிப்பக்கம் படும்படி கழுவுங்கள். பல மாடிகளில் இத்தோடு வேலை முடிந்துவிடுகிறது.

முடியாவிட்டால் வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் மிதக்கும்; மிதப்பதை அடித்தால் ஓரிடத்தில் இலை கருகும், ஓரிடத்தில் ஒன்றும் நடக்காது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் காதி சோப்பைச் சீவிக் கரைத்து, அதில் எண்ணெயை விட்டுப் பால்போல் வெளுக்கும்வரை அடித்துக் கலக்கி, பிறகு மீதித் தண்ணீரைச் சேருங்கள். கலக்கியதை அன்றே தீர்க்க வேண்டும். முதல் நாள் ஒரு கிளையில் மட்டும் அடித்துப் பாருங்கள். இலை வாடவில்லை என்றால் மற்றதற்கும் அடித்து, வாரம் ஒருமுறையாக மூன்று முறை செய்யுங்கள். மீன் எண்ணெய் ரோசின் சோப் கிடைத்தால் லிட்டருக்கு 25 கிராம். மாவுப்பூச்சியின் மெழுகை அது நன்றாகவே கரைக்கும். வாடை மட்டும் காசிமேடு மாதிரி இருக்கும்.

காலை ஏழு மணிக்குள் அடித்து முடியுங்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் நீங்கள் அடிப்பது பக்கத்து வீட்டு மாடிக்குத்தான் போகும். நம் பக்கம் மாடிக்கு மாடி ஒரு முழம் இடைவெளி. வேப்பெண்ணெயே ஆனாலும் சிண்டெக்ஸ் மூடியைச் சாத்திவிட்டு, காயும் துணி, வடாம், கருவாடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். பேத்தி கீழேயே இருக்கட்டும்.

கத்தரியில் நுனித் தண்டு மட்டும் துவண்டு தொங்கினால் அது வேறு கதை, தண்டுத் துளைப்பான். துவண்ட இடத்துக்கு ஒரு விரல் கீழே வெட்டிப் பிளந்தால் உள்ளே புழு இருக்கும்; வாரம் ஒருமுறை இப்படி வெட்டினால் போதும். வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளானால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்க வேண்டியதுதான். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுவது மற்ற செடிகளுக்கு உதவும்.

இத்தனையும் செய்து, கடையில் மருந்து வாங்கியே தீர வேண்டிய நிலை வந்தால், உரிமம் உள்ள கடையில், சீல் உடைக்காத டப்பாவாக, பில்லோடு வாங்குங்கள். லேபிளில் முக்கோணத்தின் நிறம் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பையும் மஞ்சளையும் வீட்டு மாடிக்கு ஏற்றவே கூடாது என்பது என் கட்சி. உங்கள் பயிரின் பெயர் லேபிளில் இருக்கிறதா, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருக்கிறதா என்று படியுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். அளக்கத் தனி மூடி, கைக்கு உறை. சமையலறை டீஸ்பூனைத் தொடாதீர்கள். தெளிப்பான் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள்.

மூன்று முறை தெளித்தும் செம்பருத்தி தெளியவில்லை என்றால் தொட்டியிலிருந்து ஒரு முழம் விட்டு, அதற்கு மேலே உள்ளதை வெட்டிவிடுங்கள். அது தளிர்த்துக்கொள்ளும். கத்தரிச் செடி காய்த்து ஓய்ந்ததாக இருந்தால் அதற்கு வைத்தியம் பார்க்காதீர்கள். பிடுங்கிவிட்டு, மண்ணை ஒரு வாரம் வெயிலில் காயவிட்டுப் புது நாற்று வையுங்கள்.