மிளகாய்ப் பாத்தியின் சென்சார் செய்தியை டெலிகிராமுக்கு அனுப்புவது எப்படி?

கேள்வி: ஐயா, மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, தேங்காய்நார்த் தூள் நிரப்பிய பாலிபேக்கில் மிளகாய் போட்டிருக்கிறேன். சொட்டுநீரோடு ஏபி உரம் (ஏ, பி என இரண்டு கரைசலாக வரும் உரம்) போகிறது, பம்பு டைமரில் ஓடுகிறது. ஈரத்துக்கும் தொட்டி நீர்மட்டத்துக்கும் ஈஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை போர்டில் சென்சார் மாட்டிவிட்டேன், மகன் ஒரு ராஸ்பெரி பை (கையடக்கக் கணினி) வாங்கித் தந்தான். சென்சார் சொல்வதை வாங்கிப் பார்த்து டெலிகிராமுக்கு அனுப்ப, பம்பையும் ஓட்ட, மாதிரிக்கு ஒரு சின்ன சேவை அமைக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்: அண்ணே, பம்பை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் பயிர் போவது அங்கேதான். சின்னப் பையில் நிலத்தைப் போல நீர் இருப்பு இருக்காது, வெயில் நாளில் சொட்டு தவறினால் செடி சீக்கிரமே தலை தொங்கிவிடும். அதனால் இப்போதுள்ள டைமரைக் கழற்றவே வேண்டாம். புது சேவை கூடுதலாகத் தண்ணீர் விடச் சொல்லலாம், ஆனால் அது படுத்துவிட்டாலும் வழக்கமான தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பம்பை ஆன்-ஆஃப் செய்யும் ரிலேயைப் பார்க்கும் போர்டிலும், 'நிறுத்து' என்ற செய்தி வராவிட்டாலும் குறித்த நிமிடத்தில் தானே அணைந்துவிடும்படி எழுதிவையுங்கள்.

சரி, சேவைக்கு வருவோம். செய்தி போக எம்க்யூடிடி என்ற செய்திப் பரிமாற்ற முறை போதும். 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவான முறை அது, மெலிந்த இணைப்புக்கென்றே செய்தது, நம் தோட்டத்துச் சிக்னலுக்குப் பொருந்தும். ராஸ்பெரி பை கணினியில் மஸ்கிட்டோ புரோக்கரை (செய்தியை வாங்கி உரியவருக்குக் கொடுக்கும் மென்பொருள்) போடுங்கள். அதன் 2.0 பதிப்பிலிருந்து, நாமாக அமைக்காத வரை வெளிப் போர்டுகளை உள்ளே விடாது. அமைப்புக் கோப்பில் 1883 என்ற போர்ட்டுக்கு (இணைப்பு வாசல் எண்) வெளி இணைப்பை ஏற்கும் லிசனர் வரியையும் கடவுச்சொல் கோப்பையும் சேர்த்தால்தான் ஈஎஸ்பி32 இணையும். பலர் இது தெரியாமல் போர்டு கெட்டுவிட்டது என்று புதிது வாங்குகிறார்கள்.

அதற்கு மேல் பைத்தானில் ஒரு சின்ன நிரல், எழுத வராவிட்டால் கட்டங்களை இழுத்து இணைத்தே நிரல் அமைக்கும் நோட்-ரெட். செய்தியை வாங்க வேண்டும், சோதிக்க வேண்டும், தேவையானதை மட்டும் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. நடுவில் உள்ள சோதனையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஈஎஸ்பி32 தரும் எண் 0 முதல் 4095 வரை. இரண்டு ஓரத்தில் ஏதாவது ஒன்றிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் அது பெரும்பாலும் வயர் கழன்றது, ஈரத்தைச் சொல்லவில்லை, அதை நம்பிப் பம்பு ஓடக்கூடாது. சென்சார் வயர் 32 முதல் 39 வரையுள்ள பின்களில் இருக்கிறதா என்றும் பாருங்கள், வைஃபை ஓடும்போது மற்ற அனலாக் பின்கள் சரியாகப் படிக்காது. எத்தனை எண் காய்ந்தது, எத்தனை எண் நனைந்தது என்பதை உங்கள் பையில் உள்ள தூளிலேயே அளந்து வையுங்கள், மண்ணுக்குச் சொன்ன கணக்கு இதற்கு உதவாது.

அப்புறம், எல்லாவற்றையும் கைப்பேசிக்குத் தள்ளாதீர்கள். பத்து விநாடிக்கு ஒரு முறை 'டிங்' என்றால் நீங்களே அதை மியூட் செய்துவிடுவீர்கள், தொட்டி காலியான அன்றைக்கும் தெரியாது. நிலை மாறும்போது மட்டும் அனுப்பட்டும். அளந்துவைத்த காய்ந்த எண்ணை 0, நனைந்த எண்ணை 100 சதவீதம் என்று வைத்தால், ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒரு எச்சரிக்கை, திரும்ப 40ஐத் தாண்டிய பிறகுதான் அடுத்த எச்சரிக்கைக்குத் தயார், இந்த மாதிரி.

பம்புக் கட்டளையில் இரண்டு விஷயம். க்யூஓஎஸ் 1 (சேர்ந்ததற்கு ஒப்புகை கேட்கும் தரம்) வைத்தால் செய்தி கட்டாயம் சேரும், ஆனால் சில நேரம் இரண்டு முறை சேரும், ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் வரிசை எண் கொடுத்து, பார்த்த எண்ணைப் போர்டு ஒதுக்கிவிடட்டும். கட்டளையை ரீட்டெய்ன் (புரோக்கரிலேயே தங்கவைப்பது) செய்யவே கூடாது. செய்தால் மின்சாரம் போய் வந்தவுடன் பழைய கட்டளையை வாங்கிக்கொண்டு பம்பு தானாக ஓடும்.

சென்சார் பேசாமல் போவதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் 'லாஸ்ட் வில்', அதாவது போர்டு போய்விட்டால் அறிவிக்க முன்பே கொடுத்துவைக்கும் செய்தி: கீப் அலைவ் (போர்டு 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டிய இடைவெளி) 60 விநாடி வைத்தால், 90 விநாடி எதுவும் வராதபோது போர்டு போய்விட்டது என்று புரோக்கரே அறிவிக்கும். மாலை இடிமழையில் இணையம் போனாலும் புரோக்கர் வீட்டிலேயே இருப்பதால் அளவுகள் நிற்காது. அனுப்ப முடியாதவற்றைக் கோப்பில் சேர்த்துவைத்து, இணையம் வந்ததும் ஒவ்வொரு சென்சாருக்கும் கடைசி நிலையை மட்டும் அனுப்பினால் போதும். ராஸ்பெரி பை 4 வரை கடிகார பேட்டரிக்கு இடமில்லை, மின்சாரமும் இணையமும் சேர்ந்து போனால் நேரம் தப்பாகிவிடும், சின்ன ஆர்டிசி (பேட்டரிக் கடிகார) மாட்யூல் ஒன்று சேர்த்துவிடுங்கள்.

வைஃபை எட்டாத தூரப் பாத்திக்கு லோரா (தொலைதூர ரேடியோ) போர்டு வாங்குவதானால் 923 மெகாஹெர்ட்ஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள், மலேசியாவில் அதற்கு 919 முதல் 924 வரைதான்.

பம்பை இணைக்குமுன் அந்த இடத்தில் ஒரு பல்ப் மாட்டி, கணினியிலிருந்து பொய்ச் செய்திகளை அனுப்பிப் பாருங்கள்: 0, 4095, எண்ணுக்குப் பதில் எழுத்து, ஒரே கட்டளை இரு தடவை. போர்டின் மின்சாரத்தையும் நடுவில் பிடுங்குங்கள். பல்ப் தப்பாக எரியாத பிறகு ஒரு பாத்திக்கு மட்டும் பம்பைக் கொடுங்கள்.

ஈர சென்சார் உரத்தைப் பார்க்காது, அண்ணே. பையிலிருந்து வடியும் நீரின் ஈசியை (உப்பு, உரச் செறிவைக் காட்டும் மின்கடத்தும் அளவு) கைமீட்டரில் அளந்து, உள்ளே போகும் நீரோடு ஒப்பிடுவதை நிறுத்தாதீர்கள், பிஎச் 5.5க்கும் 6.5க்கும் நடுவில் இருக்கட்டும். வடிநீரின் ஈசி ஏறிக்கொண்டே போனால் பையில் உப்பு சேர்கிறது, அன்றைக்கு வெறும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், டெலிகிராம் எல்லாம் சரி என்று சொன்னாலும்.