அட்டையில் கரித்துகள் திரண்டால் சிபிலிஸா?

கேள்வி: கோவையில் மெடிக்கல் கோடராக (நோயாளியின் பதிவைப் படித்து நோய்க்குக் கோடு எண் போடும் வேலை) சேர்ந்து 5 மாதம் ஆகிறது, அக்கா. ஒரு அமெரிக்க நோயாளியின் சார்ட். உள்ளங்கையில் தடிப்பு என்று வெளிநோயாளியாக வந்தவர். லேப் ரிப்போர்ட்டில், பாலுறவால் பரவும் சிபிலிஸ் நோய்க்கான ரத்தச் சோதனையான ஆர்.பி.ஆர். ரியாக்டிவ், 1:4 (நான்கு மடங்கு நீர்த்தபோதும் ரியாக்டிவ்). டாக்டர் எழுதியது 'ரூல் அவுட் சிபிலிஸ்' (சிபிலிஸா இல்லையா என்று பார்க்க வேண்டும்). நான் சிபிலிஸுக்கான ஏ53.9 கோடு போட்டேன். ஆடிட்டர் பிழை என்கிறார். ரிப்போர்ட்டே சொல்கிறதே?

பதில்: ரிப்போர்ட் அப்படிச் சொல்லவில்லை, அதுதான் விஷயம். ஆர்.பி.ஆர். கிருமியைத் தேடும் சோதனை இல்லை. கார்டியோலிபின் என்ற கொழுப்புக்கு எதிராக ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கிறது. வெள்ளை அட்டையில் கரித்துகள்கள் திட்டுத்திட்டாகத் திரண்டால் ரியாக்டிவ். லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்), மலேரியா, ஏன், கர்ப்பத்தில்கூடச் சிலருக்கு அப்படித் திரளும். அதனால்தான் டிரெபோனிமா (சிபிலிஸ் கிருமி) சோதனையும் வைத்துப் பார்க்கிறார்கள்.

புதிதில் நானும் மாட்டினேன். கர்ப்பிணி ஒருவரின் சார்ட்டில் 'ரியாக்டிவ்' என்பதைப் பார்த்ததும் கர்ப்பகால சிபிலிஸுக்கான ஓ98.1 வரிசைக்குப் போய்விட்டேன். அடுத்த பக்கத்தில் டிரெபோனிமா சோதனை நெகட்டிவ், பழைய லூபஸ் நோயாளி என்று இருந்தது. நான் பக்கத்தைத் திருப்பவே இல்லை. காப்பீட்டு கிளெய்ம் போவதற்குள் ஆடிட்டர் பிடித்தார். அந்தக் காகிதம் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தால்? அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள் சார்ட்டுக்கு வருவோம். வெளிநோயாளி என்றால் 'ரூல் அவுட்', 'சஸ்பெக்டட்' எல்லாம் நோய் ஆகாது. வந்த காரணத்தைத்தான் போட வேண்டும். தடிப்புக்கு ஆர்21. டாக்டரே 'செகண்டரி சிபிலிஸ், தோல்' என்று எழுதினால் மட்டும் ஏ51.39. உள்நோயாளி டிஸ்சார்ஜில் விதி வேறு. அங்கே 'சஸ்பெக்டட்' என்று முடித்திருந்தால் உறுதியானதுபோலவே போடலாம். அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் லேட்டன்ட், அதாவது அறிகுறி இல்லாமல் மறைந்திருக்கும் சிபிலிஸ். கோடு புத்தகத்தில், தொற்றி 2 வருஷத்துக்கு உட்பட்டது ஏ51.5, அதற்கு மேல் ஏ52.8. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யோ 1 வருஷத்திலேயே எல்லை போடுகிறது. 18 மாதம் என்று எழுதி 'லேட் லேட்டன்ட்' என்று டாக்டர் முடித்திருந்தால், நீங்களாக மாற்றாதீர்கள், டாக்டரிடம் விளக்கம் கேட்டு குவெரி அனுப்புங்கள். பதில் வர நாளாகும்; டார்கெட் குறைந்தால் டீம் லீடரிடம் குவெரியைக் காட்டுங்கள்.