பயோரெசொனன்ஸ் மெஷின் உண்மையில் எதை அளக்கிறது?

கேள்வி: அக்கா மகனுக்கு ஏழு வயது. கரப்பான் (எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு), காலையில் எழுந்தாலே தும்மல், மழைக்காலத்தில் வீசிங். ஒரு சென்டரில் பயோரெசொனன்ஸ் என்று ஜெர்மன் சிகிச்சை இருக்கிறதாம். ஊசி இல்லை, மருந்து இல்லை, பத்து சிட்டிங்கில் அலர்ஜியை உடம்பிலிருந்தே அழித்துவிடலாம் என்கிறார்கள். இது என்ன, எங்கிருந்து வந்தது, நம்பலாமா?

பதில்: சுருக்கமாகக் கேட்டால், அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். ஆனால் உங்கள் அக்காவிடம் போய் "எல்லாம் டுபாக்கூர்" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்கும் பிள்ளையை மடியில் வைத்திருப்பவர் எதையாவது செய்து பார்க்கத்தான் நினைப்பார். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஈசிஜி மெஷின், பேஷன்ட் மானிட்டர் மாதிரியான மருத்துவமனைக் கருவிகளை சர்வீஸ் செய்வது என் பிழைப்பு. ஆகவே மெஷின் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அங்கே போனால் என்ன செய்வார்கள் என்று பாருங்கள். பையன் ஒரு கையில் பித்தளைக் குழாய் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கையின் விரல் நுனியில், நகத்தின் ஓரத்தில், பேனா மாதிரி ஒரு உலோக முனையை வைத்து அழுத்துவார்கள். மெஷினில் 0 முதல் 100 வரை ஒரு அளவு இருக்கும். முள் 50-ல் நின்றால் சரி, மேலே போனால் அழற்சி, கீழே போனால் அந்த உறுப்பு பலவீனம். அப்புறம் பால், கோதுமை, பூனை முடி, வீட்டுத்தூசி என்று எழுதி ஒட்டிய சின்னச் சின்ன மூடிய கண்ணாடிக் குப்பிகளை, மெஷினோடு கம்பியில் இணைத்த ஒரு உலோகக் கட்டையின் குழிகளில் ஒவ்வொன்றாக வைத்து மறுபடி அழுத்துவார்கள். எந்தக் குப்பிக்கு முள் சரிகிறதோ அது பையனுக்கு ஆகாது. குப்பி மூடித்தான் இருக்கும், உள்ளே இருக்கும் பொருள் பையன் மேல் படவே படாது, அதன் "அலைவரிசை" மட்டும் கம்பி வழியாக வருகிறதாம். சிகிச்சை என்று வரும்போது, அந்தக் கெட்ட அலையைத் தலைகீழாகத் திருப்பி உடம்புக்குள் அனுப்பினால் இரண்டும் மோதி அடங்கிவிடும் என்பார்கள்.

அந்த முள் காட்டுவது தோலின் மின்தடையை. அவ்வளவுதான். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் ஓம்ஸில் வைத்து இரண்டு முனைகளையும் இரண்டு கை விரல்களால் லேசாகப் பிடித்துப் பாருங்கள், லட்சக்கணக்கான ஓம் காட்டும், சிலருக்கு மெகா ஓம் கூட வரும். இப்போது இறுக்கிப் பிடியுங்கள், சட்டென்று இறங்கும். விரலை எச்சிலில் தொட்டுக்கொண்டு பிடியுங்கள், இன்னும் கிடுகிடுவென்று இறங்கும். நீங்கள் அதற்குள் எந்த நோயிலிருந்தும் குணமாகவில்லை, தோல் ஈரமானது, உலோகம் தொடும் பரப்பு கூடியது. அந்தப் பேனா முனையைப் பிடித்திருப்பவர் எவ்வளவு அழுத்துகிறார், எந்தக் கோணத்தில் வைக்கிறார், எத்தனை நொடி வைக்கிறார், முன்பு வைத்த இடம் ஈரமாக இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் முள் ஆடும். இதில் வேண்டுமென்றே ஏமாற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை. "பையனுக்குப் பால் ஆகாது" என்று மனதில் விழுந்துவிட்டால் கை தானாகவே கொஞ்சம் வேறு மாதிரி அழுத்தும். அவரும் உண்மையாகவே நம்பிக்கொண்டிருப்பார்.

இதன் வரலாறு இன்னும் சுவாரசியம். 1950களில் ஜெர்மனியில் ரெய்ன்ஹோல்ட் ஃபோல் என்ற டாக்டர், சீன அக்குபங்சர் புள்ளிகளில் மின்தடையை அளந்தால் உள்ளுறுப்புகளின் நிலை தெரியும் என்று கிளம்பினார். அந்த 0 முதல் 100 வரை அளவு அவர் வழியில் வந்ததுதான். குப்பி வைத்துப் பார்க்கும் பழக்கத்துக்கு அவர் தரப்பினர் ஒரு கதை சொல்வார்கள். ஃபோல் மேடையில் சக டாக்டர் ஒருவரைப் பரிசோதித்து, உங்களுக்குப் புரோஸ்டேட் கோளாறு, எக்கினேசியா ஹோமியோபதி மருந்து எடுங்கள் என்றாராம். அவர் போய் மருந்தை எடுத்துக்கொண்டு திரும்பியதும் மறுபடி அளந்தால் முள் சரியாக 50-க்கு வந்துவிட்டதாம். அவர் மருந்தைச் சாப்பிடக்கூட இல்லை, புட்டி கையில் இருந்தது, அவ்வளவே. நான் என்றால் அந்த நேரத்தில் மெஷினில் ஏதோ பிரச்சினை என்று கழற்றிப் பார்த்திருப்பேன். அவர்கள் மருந்தின் அலை கையைத் தாண்டி வேலை செய்கிறது என்று முடிவெடுத்தார்கள்.

அடுத்தது 1977. ஃப்ரான்ஸ் மொரெல் என்ற ஜெர்மன் டாக்டரும், அவருடைய மருமகனான எஞ்சினியர் எரிக் ராஷேவும் சேர்ந்து, அளப்பதோடு நிற்காமல் அலையைத் திருப்பி அனுப்பும் கருவியைக் கொண்டுவந்தார்கள். இருவர் பெயரிலிருந்தும் முதல் இரண்டு ஆங்கில எழுத்தை (Mo, Ra) எடுத்து "மோரா" சிகிச்சை என்று பெயர். பயோரெசொனன்ஸ் என்ற பெயர் பிறகு நிலைத்தது, பைகாம் மாதிரி வேறு கம்பெனி மெஷின்களும் வந்தன. ஜெர்மனியில் 1939-ல் போட்ட ஒரு சட்டத்தின்படி எம்.பி.பி.எஸ். மாதிரியான படிப்பு இல்லாதவர்களும் "ஹைல்பிராக்டிகர்" என்ற உரிமம் வாங்கி வைத்தியம் பார்க்கலாம், அது இன்றும் உண்டு. இந்த மாதிரி மெஷின்கள் அங்கே செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே "ஜெர்மன் டெக்னாலஜி" என்று நோட்டீஸில் போட்டிருந்தால் மயங்க வேண்டாம், அதே ஜெர்மனியில் பொது மருத்துவக் காப்பீடு இதற்குப் பணம் தராது. காசு தரக்கூடாத முறைகள் என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் பயோரெசொனன்ஸும் மோராவும் பெயர் சொல்லியே இருக்கின்றன.

இதற்கும் முன்னோடி ஒருவர் இருக்கிறார், அவரைச் சொல்லாமல் போனால் இந்தக் கதை முழுமையாகாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆல்பர்ட் ஆப்ரம்ஸ் என்ற டாக்டர். ரேடியோ புதிதாக வந்து ஊரே வியந்துகொண்டிருந்த காலம். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு அதிர்வு உண்டு, ஒரு சொட்டு ரத்தத்தை என் பெட்டியில் வைத்தால் கண்டுபிடிப்பேன், இன்னொரு பெட்டியால் அந்த அதிர்வை அனுப்பிக் குணமாக்குவேன் என்றார். பெட்டிகளை நாடெங்கும் வாடகைக்கு விட்டார், ஒரு நிபந்தனை: பெட்டியைத் திறந்து பார்க்கக்கூடாது. சேவல் ரத்தத்தை மனித ரத்தம் என்று சொல்லி அனுப்பினால் மலேரியா, புற்றுநோய், சர்க்கரை என்று ரிசல்ட் வந்தது. 1923-24-ல் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகை ஒரு குழு போட்டு விசாரித்து இதில் எதுவுமே இல்லை என்று எழுதியது. அவர் 1924-லேயே இறந்துவிட்டார், யோசனை சாகவில்லை. ரேடியோ காலத்தில் "அதிர்வு", இப்போது "குவாண்டம்".

சரி, உடம்பில் மின்சாரம் உண்டுதானே, ஈசிஜி எடுக்கிறார்களே, எம்ஆர்ஐ-யில் ரெசொனன்ஸ் என்ற வார்த்தையே இருக்கிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஈசிஜியில் மார்பில் கிடைக்கும் சிக்னல் ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட். அதைச் சுத்தமாக எடுக்கவே நாங்கள் படும் பாடு கொஞ்சமில்லை. ஜெல் காய்ந்திருந்தால் கோடு நடுங்கும், பேஷன்ட் கையை அசைத்தால் கோடு ஓடிவிடும், சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரன்ட் ஆன்டெனா மாதிரி உடம்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், எர்த் சரியில்லாத ஆஸ்பத்திரியில் பாதி நாள் அதைத் துரத்துவதிலேயே போகும். மூளை அலை இன்னும் சின்னது, மைக்ரோவோல்ட் கணக்கு. எம்ஆர்ஐ-க்கு 1.5 டெஸ்லா மாதிரி பெரும் சக்தியுள்ள காந்தம் வேண்டும், அதற்கு ஒரு அறையையே செம்புத் தகட்டால் மூடுவார்கள். இப்படி இருக்க, கையில் ஒரு பித்தளைக் குழாயும் ஒற்றை வயரும் வைத்துக்கொண்டு, அதில் "நல்ல அலை" எது "கெட்ட அலை" எது என்று ஃபில்டர் பிரித்துவிடும் என்றால், எந்த ஃப்ரீக்வென்சி, எத்தனை வோல்ட், எதை வைத்துப் பிரிக்கிறது என்று நான் கேட்பேன். பூனை முடி அலர்ஜிக்கு இன்ன அலை என்று யாரும் இதுவரை அளந்து காட்டியதில்லை. அளக்காத அலையைத் தலைகீழாகத் திருப்ப முடியாது. சத்தம் குறைக்கும் ஹெட்ஃபோனை உதாரணம் காட்டுவார்கள், அதில் முதலில் மைக் அந்தச் சத்தத்தைப் பிடித்தாக வேண்டும்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டாலும் போகட்டும், வேலை செய்தால் போதும் என்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது ஒன்று. இதே குடும்பத்தைச் சேர்ந்த வேகாடெஸ்ட் என்ற மெஷினை வைத்து, 30 பேரைச் சோதித்தார்கள். பாதிப்பேருக்குப் பூனை அல்லது தூசிப்பூச்சி அலர்ஜி இருப்பது தோல் பரிசோதனையில் முன்பே உறுதியானது, மீதிப்பேருக்கு இல்லை. எந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்று மெஷினை இயக்கியவர்களுக்கும் தெரியாது, பரிசோதிக்கப்பட்டவர்களுக்கும் தெரியாது. 1,500-க்கும் மேற்பட்ட அளவீடுகள். அலர்ஜி உள்ளவரையும் இல்லாதவரையும் மெஷினால் பிரிக்கவே முடியவில்லை. செய்தவர்கள் மாற்று மருத்துவத்தின் எதிரிகள் என்று சொல்லவும் வழியில்லை, முக்கிய ஆய்வாளரே மாற்று மருத்துவத் துறையில் வேலை செய்தவர்.

இரண்டாவது உங்கள் அக்கா மகனுக்கு நேரடியாகப் பொருந்தும். சுவிட்சர்லாந்தில் டாவோஸ் மலை ஊரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை. கரப்பான் முற்றி அங்கே சேர்ந்திருந்த 32 பிள்ளைகளுக்கு வழக்கமான வைத்தியம் எல்லோருக்கும் கொடுத்து, அதோடு ஒரு பாதிக்கு உண்மையான பயோரெசொனன்ஸ், மறு பாதிக்கு வெறும் பாவனை. 1997-ல் முடிவு வெளிவந்தது. அரிப்பு, தூக்கம், தோலின் நிலை, ரத்தம் எல்லாவற்றையும் பார்த்தார்கள், வீடு திரும்பிய பிறகும் ஓராண்டு வரை நிலையைக் கவனித்தார்கள். பிள்ளைகளுக்கு நல்ல முன்னேற்றம், ஆனால் மலைக்காற்றும் வழக்கமான மருந்தும் கொடுத்த முன்னேற்றம் அது. மெஷினால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

"எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சரியாச்சே" என்பவர் பொய் சொல்லவில்லை என்பதும் இதிலிருந்தே புரியும். கரப்பான் ஏறி இறங்கும் நோய். மோசமாக இருக்கும்போதுதான் சென்டரைத் தேடிப் போகிறோம், அடுத்து அது இறங்கத்தான் செய்யும். கூடவே டாக்டர் கொடுத்த க்ரீமும் தடவிக்கொண்டிருப்போம். நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவே குறையவும் செய்யும். அத்தோடு, ஒருவர் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்கிறார், நம் ஊர் ஓபி-யில் அது எங்கே கிடைக்கும். பெயர் மட்டும் மெஷினுக்குப் போய்விடுகிறது.

நம் ஊரில் இதன் மலிவுப் பதிப்பு ஒன்று சுற்றுகிறது, உங்கள் அக்காவும் பார்த்திருக்கலாம். "குவாண்டம் அனலைசர்" என்று லேப்டாப்பில் செருகும் ஒரு சின்னப் பெட்டி. ஒரு நிமிஷம் கம்பியைப் பிடித்தால் இதயம், கல்லீரல், கால்சியம், கொலாஜன் என்று கட்டுக் கட்டாக ரிப்போர்ட் கக்கும். எங்கள் ஏரியாவில் கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் என்று போட்டிருந்தார்கள். என் சித்தப்பா வாங்கி வந்த ரிப்போர்ட்டில் பாதி சிவப்பு. அவரை மறுபடி அழைத்துக்கொண்டு போய், வயதை மட்டும் இருபது குறைத்துப் பதியச் சொன்னேன், அதே மனிதர், அதே கை, சிவப்பு பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது. பக்கத்து மேஜையில் அந்தச் சிவப்புகளுக்கு ஏற்ற டானிக்கும் பவுடரும் அடுக்கியிருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம், நோட்டீஸில் அப்படி ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள், புகார் கொடுக்க உதவும்.

மெஷின் வலிக்காதுதான். கெடுதல் வேறு வழியில் வரும். பால் ஆகாது, முட்டை ஆகாது, கோதுமை ஆகாது, நிலக்கடலை ஆகாது என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள், ஏழு வயதுப் பிள்ளைக்குச் சாப்பிட மிச்சம் என்ன இருக்கும்? வளர்கிற வயதில் அது சின்ன விஷயம் இல்லை. மறுபக்கம் இன்னும் பயம்: உண்மையிலேயே நிலக்கடலை அலர்ஜி இருக்கும் பிள்ளையிடம் "பத்து சிட்டிங் முடிந்தது, இனி சாப்பிடலாம்" என்று சொன்னால் மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அலர்ஜி என்பது ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம், அது தூண்டும் செல்கள், அவை கொட்டும் ஹிஸ்டமின் என்று தெளிவாகத் தெரிந்த ஒரு சங்கிலி. அதைச் சோதிக்கக் குத்துப் பரிசோதனை இருக்கிறது: முன்கையில் அலர்ஜிப் பொருள் கலந்த திரவத்தைச் சொட்டுச் சொட்டாக வைத்து லேசாகக் குத்துவார்கள், 15 முதல் 20 நிமிஷத்தில் கொசு கடித்த மாதிரித் தடிக்கும், 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் கணக்கு. அதற்குச் சில நாள் முன்பு தும்மல் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், அதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவிலோ குழந்தைகள் பிரிவிலோ காட்டிவிட்டு, அங்கிருந்து எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போங்கள். சென்டருக்குக் கட்ட வைத்த பணம் வாசனையில்லாத மாய்ஸ்சரைசருக்கும் தூசிப்பூச்சி புகாத தலையணை உறைக்கும் போகட்டும்.

அக்கா ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டார் என்றால், சண்டை போட வேண்டாம். ஒன்றே ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லுங்கள்: டாக்டர் கொடுத்த இன்ஹேலரையும் க்ரீமையும் அந்த சென்டரில் யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தக்கூடாது.