ஃப்ளூ மாத்திரையால் எத்தனை மணி நேரம் மிச்சம்?

கேள்வி: ஃப்ளூ என்று ஐந்து நாள் ஒசல்டாமிவிர் சாப்பிட்டு ஆறாம் நாள் எழுந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கஞ்சியும் சுக்குக் காப்பியும் குடித்தே ஏழாம் நாள் வேலைக்குப் போய்விட்டார். இந்த மருந்தைச் சோதித்துப் பார்த்துத்தான் விற்கிறார்களா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: சோதித்துத்தான். சோதனையில் வந்ததும் ஏறக்குறைய உங்கள் தெருக் கணக்குதான்! ஒசல்டாமிவிர், ஜனாமிவிர் என்ற ஃப்ளூ மருந்துகள் இரண்டின் 46 சோதனைகளையும் சேர்த்து அலசிய, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் ஆய்வு 2014-இல் வந்தது. ஒசல்டாமிவிர் சாப்பிட்ட பெரியவர்களுக்கு அறிகுறிகள் தணிய 6.3 நாள் ஆனது; மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7 நாள். மிச்சம் 16.8 மணி நேரம். மறு வருடம் லான்செட் மருத்துவ இதழில் வந்த அலசலில் ஃப்ளூ என்று உறுதியானவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். மிச்சம் 25 மணி நேரமானது.

ஒரே மருந்துக்கு இரண்டு கணக்கு ஏன்? 38 டிகிரி காய்ச்சல், இருமலோ தொண்டைவலியோ ஒன்று, உடம்புவலி போல இன்னொன்று, நோய் தொடங்கி 36 மணி நேரத்துக்குள் வந்திருக்க வேண்டும்: இப்படித்தான் ஆட்களைச் சேர்ப்பார்கள். மூக்கு, தொண்டைச் சளி மாதிரியின் முடிவு பின்னால்தான் வரும். அதற்குள் வேறு வைரஸ்காரர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். அவர்களுக்கு இந்த மருந்து வெறும் மாவு மாத்திரைதான். அவர்களையும் சேர்த்து எண்ணினால் பலன் சுருங்கும், விலக்கினால் விரியும். டாக்டரிடம் போகும் உங்களுக்குப் பெரும்பாலும் முதல் கணக்குதான் பொருந்தும், ஏனென்றால் சோதனை செய்யாமலேதான் மருந்து எழுதுகிறார்கள்.

'தணிந்தது' என்பதையும் கவனியுங்கள். மூக்கடைப்பு, தொண்டைவலி, இருமல், உடம்புவலி, சோர்வு, தலைவலி, குளிர்காய்ச்சல் ஏழுக்கும் நோயாளியே நோட்டில் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார். எல்லாம் 1-க்கு மேல் போகாமல் ஏறக்குறைய ஒரு நாள் நின்றால் தணிந்ததாகக் கணக்கு. லேசான இருமல் மிச்சமிருக்கலாம். பாராசிட்டமால் போட்டதையும் எழுதியாக வேண்டும்; எழுதாமல் விட்டால் காய்ச்சல் குறைந்தது எதனால் என்றே தெரியாது.

கேள்வி: மூன்றாம் நாள் போனேன், டாக்டர் மருந்தே எழுதவில்லை. அலட்சியமா?
– வாசகி, குமுளி

பதில்: இல்லை. செல்லுக்குள் பெருகிய வைரஸ் வெளியேற, நியூராமினிடேஸ் என்ற நொதி, அது செல்லோடு ஒட்டியிருக்கும் இடத்தைக் கத்தரி போல வெட்டிவிடுகிறது. மருந்து பிடிப்பது அந்தக் கத்தரியை. வெளியே பரவிவிட்டதை அது ஒன்றும் செய்யாது. அதனால்தான் 48 மணி நேரம் என்ற கெடு. ஆரோக்கியமானவருக்கு அதற்குப் பிறகு கிடைப்பது பெரும்பாலும் குமட்டல், வாந்திதான். (சோற்றுக்குப் பின் போட்டால் அது குறையும்.) கர்ப்பிணி, 65 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர் என்றால் கதை வேறு, தாமதமானாலும் கொடுப்பார்கள். மூச்சு வாங்கினால் நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: ஒரே வேளை மருந்து வந்திருக்கிறதாமே?
– வாசகர், செங்கோட்டை

பதில்: பலாக்ஸாவிர். 2018-இல் வெளியான சோதனையில் அறிகுறி தணிய வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 80.2 மணி நேரம், இதற்கு 53.7 மணி நேரம். அதில் ஒசல்டாமிவிரை விட வேகமில்லை. வைரஸ் அளவைத்தான் சீக்கிரம் இறக்கியது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு வைரஸ் மருந்துக்கு வழுக்கும் வடிவத்துக்கு மாறியிருந்தது. பால், தயிர், கால்சியம், இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாக ஏறாது.

கேள்வி: போன மழைக்கு வாங்கிய ஒசல்டாமிவிரில் நான்கு மிச்சமிருக்கிறது. இந்த இடவப்பாதி மழைக் காய்ச்சலுக்குப் போடலாமா?
– வாசகர், சித்தூர், பாலக்காடு

பதில்: வேண்டாம். மழைக்காலத்தில் உங்கள் பக்கம் டெங்குவும் எலிப்பனியும் (எலிக்காய்ச்சல்) இதே காய்ச்சல், இதே உடம்புவலியோடுதான் தொடங்கும். இரண்டுக்கும் இந்த மருந்து உதவாது. வயலிலோ சாக்கடைத் தண்ணீரிலோ இறங்கியவர் என்றால் அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். பெரியவருக்கு 75 மில்லிகிராம் காலை, இரவு, ஐந்து நாள், மொத்தம் பத்து. போன வருடம் பத்து வாங்கியிருந்தால், நான்கு மிச்சம் என்பது மூன்றே நாளில் நிறுத்திவிட்டீர்கள் என்றுதான் சொல்கிறது.