சேர்ந்த மெஷினா, தனி எம்பிராய்டரி மெஷினா?

கேள்வி: அக்கா, வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மோட்டார் வைத்த உஷா மெஷின் இருக்கிறது. இனி எம்பிராய்டரியும் போடலாமென்று ஆசை. இரண்டும் சேர்ந்த மெஷின் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம்மா. தைக்கத்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே! பிரதர் கம்பெனியின் எஸ்இ1900 இரண்டும் செய்யும். பிஇ800 எம்பிராய்டரி மட்டும் போடும். இரண்டுக்கும் பெரிய ஹூப் (துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்) 13க்கு 18 செ.மீ. தான். தையலுக்கும் சேர்த்து எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? கடையில் எத்தனை டிசைன் உள்ளே இருக்கிறது என்றுதான் பெருமையாகச் சொல்வார்கள். நீங்கள் ஹூப் அளவைக் கேளுங்கள். எஸ்இ600 மாதிரி 10க்கு 10 ஹூப் என்றால், பின்கழுத்து டிசைனை இரண்டு மூன்று துண்டாக்கி, துணியை மறுபடி மறுபடி மாட்டிப் போட வேண்டும். ஒரு நூல் நகர்ந்தாலும் பட்டுத்துணியில் பளிச்சென்று தெரியும். பின்னால் பெரிய ஹூப் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. மெஷினின் கை எவ்வளவு தூரம் நகருமோ அவ்வளவுதான்.

கேள்வி: சின்ன ஃபிளாட், மெஷினே இல்லை. பிள்ளைகளின் உடையில் பெயர், பூ போட்டால் போதும்.

பதில்: அப்படியானால் சேர்ந்ததே சரி. தைக்கும்போது எம்பிராய்டரி யூனிட்டைக் கழற்றி, துணியை அழுத்தும் ஃபுட், ஊசி, அடியில் ஓடும் பாபின் நூல் எல்லாம் மாற்ற வேண்டும். எப்போதாவது செய்பவருக்கு அது பாரமில்லை.

கேள்வி: ஆர்டர் எடுத்துச் செய்தால் சேர்ந்த மெஷின் தாங்குமா?

பதில்: மெஷின் தாங்கும், உங்கள் நேரம் தாங்காது. 12,000 தையல் உள்ள டிசைன், நிமிடத்துக்கு 400 தையல் போடும் மெஷினில் அரை மணி நேரம். ஒற்றை ஊசி என்பதால் நிறம் மாறும்போதெல்லாம் எழுந்து போய் நூல் கோர்க்க வேண்டும். அதுவரை ஒரு ஓரம் அடிக்கக்கூட அந்த மெஷின் கிடைக்காது. தீபாவளி நெருக்கத்தில் யோசித்துப் பாருங்கள்!

கேள்வி: பள்ளிச் சட்டைப் பாக்கெட்டில் லோகோ போட?

பதில்: தைத்து முடித்த சட்டை என்றால் பல ஊசி மெஷின்தான் தம்பி. கீழே குறுகலான கைதான் இருக்கும், சட்டையை அதில் நுழைத்துவிடலாம். பிரதர் பிஆர்1055எக்ஸ்-இல் 10 ஊசி, நிமிடத்துக்கு 1,000 தையல் வரை. ஆனால் நிலையான ஆர்டர் கையில் இல்லாமல் அவ்வளவு பணத்தை இறக்காதீர்கள். பிளவுஸுக்கு இது அவசியமில்லை, வெட்டுமுன்பே துணியில் போட்டுவிடலாமே.

கேள்வி: இதில் ஆரி ஒர்க் வருமா?

பதில்: வராது. ஆரி, கொக்கி ஊசியால் இழுக்கும் சங்கிலித் தையல். இந்த மெஷின்கள் போடுவது மேல்நூலும் பாபின் நூலும் பூட்டிக்கொள்ளும் தையல். மணியும் சர்தோசி எனும் சரிகைக் கம்பி வேலையும் கையால்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: கரண்ட் போனால்?

பதில்: பல மெஷின்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். துணியை மட்டும் ஹூப்பிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: தோழி தந்த டிசைன் என் மெஷினில் திறக்கவில்லை.

பதில்: பிரதர் மெஷினுக்கு பிஇஎஸ், ஜனோமே கம்பெனி மெஷினுக்கு ஜெஇஎஃப் ஃபைல் வேண்டும். டிஎஸ்டி ஃபைல் பெரும்பாலும் இரண்டிலும் ஓடும், ஆனால் அதில் நூல் நிறம் பதிவாகியிருக்காது. எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்று தோழியிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.